எரிந்து விழுந்த வன்தட்டும் ஒரு பழுதுக்கடைச் சொல்லும்

சென்ற மாதம் தில்லி நேரு பிளேஸில், கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றின் வாசலில் நண்பர் ஒருவரோடு நின்றிருந்தேன். தன்பாத் வட்டாரத்து நிலக்கரிச் சுரங்கங்களில் பணியாற்றி ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் வாய்மொழி வரலாற்றை நான்கு ஆண்டுகளாகத் தொகுத்து வருபவர் அவர். 1971 முதல் 1973 வரை சுரங்கங்கள் அரசுடைமையாக்கப்பட்ட நாட்களை நேரில் கண்டு நினைவில் வைத்திருப்போரிடம் அவர் பதிவு செய்த 61 நேர்காணல்களும் ஒரு டெராபைட் வன்தட்டு ஒன்றில் மட்டுமே இருந்தன. அந்தத் தட்டு சீரான இடைவெளியில் 'டிக், டிக்' என்று ஒலித்துக்கொண்டிருந்தது.

கடைக்காரர் அதைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு ஆறுதலாக ஒன்று சொன்னார்: "கல்பனா சாவ்லா போன விண்கலம் எரிந்து விழுந்தபோது அதிலிருந்த ஹார்டு டிஸ்க்கையே மீட்டிருக்கிறார்கள் சார். இது வெறும் சத்தம்தானே."

அவர் குறிப்பிட்ட நிகழ்வு உண்மையானது. ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு சரியானதா என்னும் கேள்வி வீடு திரும்பும் வழியெல்லாம் என்னைத் தொந்தரவு செய்தது. அறிவியல் வரலாற்றைப் பயில்பவன் என்ற முறையில் அந்த நிகழ்வைச் சற்று நிதானமாக எடுத்துப் பார்க்க விரும்புகிறேன். பழுதாகும் வன்தட்டைப் பற்றி நாம் கொண்டுள்ள நம்பிக்கைகளில் பெரும்பகுதி அந்த ஒரு கதையின் நிழலில் வளர்ந்தது என்பது என் எண்ணம்.

கொலம்பியா விண்ணோடம் 2003 ஜனவரி 16 அன்று புறப்பட்டது. புறப்பட்ட 82 விநாடிகளுக்குள் வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த காப்புநுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையின் முன்விளிம்பைத் தாக்கியது. பதினாறு நாட்கள் எதுவும் நேரவில்லை. எழுவரும் இரண்டு அணிகளாகப் பிரிந்து, ஒரு அணி உறங்கும்போது மறு அணி விழித்திருக்க, இரவுபகலாக 80-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை நடத்தினர். பிப்ரவரி 1 அன்று வளிமண்டலத்துக்குள் திரும்பும்போது, சேதமடைந்த விளிம்பின் வழியே வெப்ப வளி இறக்கைக்குள் புகுந்தது. தரையிறங்கப் பதினாறு நிமிடங்களே இருந்த நிலையில் கலம் டெக்சாஸ் வானில் சிதறியது.

இந்தியாவில் அந்நாள் பெரும்பாலும் ஒரு பெயரோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது. கர்னாலில் பிறந்து சண்டிகரில் பொறியியல் படித்த கல்பனா சாவ்லாவுக்கு அது இரண்டாவது பயணம். நான்கே நாட்களில், பிப்ரவரி 5 அன்று, மெட்சாட் வானிலைச் செயற்கைக்கோளுக்கு 'கல்பனா-1' என்று பெயர் சூட்டப்பட்டது. அவரும் தோழர்களும் சுமந்துசென்ற ஆய்வுகள் என்னவாயின என்று நாம் அதிகம் கேட்கவில்லை. துயரத்தின் முன் அக்கேள்வி சிறியதாகத் தோன்றியிருக்கலாம். அதில் தவறேதும் இல்லை.

அவ்வாய்வுகளுள் ஒன்று கலத்தின் சரக்குப் பகுதியில் பொருத்தப்பட்டிருந்த சிவிஎக்ஸ்-2. செனான் வாயுவை அதன் மாறுநிலைப் புள்ளியில், அதாவது வாயுவுக்கும் திரவத்துக்கும் வேறுபாடு மறையும் வெப்ப-அழுத்த நிலையில் நிறுத்தி, அதற்குள் ஒரு சிறிய நிக்கல் வலையை அசைத்துப் பாகுத்தன்மையை அளப்பது அதன் வேலை. செனானுக்கு அந்த நிலை ஏறத்தாழ 16.6 டிகிரி செல்சியஸில் அமைகிறது. புவியில் இதைத் துல்லியமாகச் செய்ய இயலாது. மாறுநிலையில் உள்ள பாய்பொருள் தன் எடையாலேயே அமுங்கி, அடியில் அடர்ந்தும் மேலே தளர்ந்தும் போய்விடும். தயிரைக் கலக்கினால் இளகுவதை அறிவோம். சுவருக்குப் பூசும் பெயின்ட்டும் தூரிகையின் இழுப்பில் இளகும். நீண்ட மூலக்கூறுகளோ கலவைகளோ உள்ள பொருள்களில் இது இயல்பு. செனானைப் போன்ற தனியணு எளிய பாய்பொருளிலும் மாறுநிலைக்கு மிக அருகே இதே இளக்கம் தோன்ற வேண்டும் என்று கோட்பாடு சொன்னது. அதை அளந்து காட்டுவதற்காகவே அந்தச் சாதனம் அனுப்பப்பட்டது.

அளவீடுகளின் ஒரு பகுதி பயணத்தின்போதே வானொலி வழியாகத் தரைக்கு வந்துவிட்டது. எஞ்சியது ஒரு சீகேட் வன்தட்டில் இருந்தது. அது 400 மெகாபைட் அளவுடையது என்று அன்றைய செய்திகள் குறித்தன. விபத்து நடந்து ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குப் பின், வறண்ட ஏரிப்படுகை ஒன்றிலிருந்து அத்தட்டு கண்டெடுக்கப்பட்டது. மினியாபொலிஸ் அருகேயுள்ள குரோல் ஆன்ட்ராக் நிறுவனத்தின் பொறியாளர் ஜான் எட்வர்ட்ஸிடம் அது வந்தபோது, ஒன்றோடொன்று ஒட்டிய இரு உலோகக் கட்டிகளாகவே இருந்ததாம். பிளாஸ்டிக் பாகங்கள் அனைத்தும் உருகியிருந்தன. மின்சுற்றுப் பலகை கருகி, அதிலிருந்த சில்லுகள் கழன்று விழுந்திருந்தன. மூடியின் அடைப்பு போனதால் உள்ளே மண் புகுந்திருந்தது. அவர் தட்டுகளைக் கழற்றி, வேதிக் கரைசலால் கழுவி, வேறோர் இயக்கியில் பொருத்திப் படித்தார். இரண்டு நாட்களில் 99 விழுக்காட்டுத் தரவு கிடைத்தது. அதன் அடிப்படையில் அமைந்த ஆய்வுக்கட்டுரையை அமெரிக்கத் தேசியத் தர, தொழில்நுட்பக் கழகத்தின் ராபர்ட் பெர்கும் உடனாசிரியர்களும் 2008 ஏப்ரலில் 'பிசிக்கல் ரிவ்யூ ஈ' இதழில் வெளியிட்டனர். செனான் இளகியது, கோட்பாடு சரியாக இருந்தது.

கதை உலகெங்கும் பரவியது அப்போதுதான். பரவிய வேகத்தில் சில விளிம்புகள் தேய்ந்தன. 'ஐந்தாண்டு முயன்று மீட்டனர்' என்பது அவற்றுள் ஒன்று. அந்த ஆண்டுகள் பெரும்பாலும் பகுப்பாய்வுக்கும் எழுத்துக்கும் உரியவை. தட்டைப் படித்த வேலை இரண்டு நாள் வேலை. 'தட்டே உருகியது' என்பது இன்னொன்று. உருகியவை பிளாஸ்டிக்கும் விளிம்புகளும். சுழலும் உலோகத் தட்டுகள் வளையவே இல்லை. மூன்றாவது தேய்மானம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கொலம்பியாவின் சிதைவுகளிலிருந்து அந்தப் பொறியாளரிடம் வந்தது ஒரே ஒரு வன்தட்டு அன்று. வேறு இரண்டும் வந்தன. அவற்றிலிருந்து பயன்படத்தக்க எதையும் எடுக்க முடியவில்லை. எந்தக் கடைக்காரரும் அவ்விரண்டைப் பற்றிச் சொல்வதில்லை. அவரைக் குறை கூறுவானேன், வரலாற்று மாணவர்களாகிய நாமும் எஞ்சிய சான்றைக் கொண்டே எஞ்சாதவற்றின் நிலையையும் எழுதிவிடுகிறோம்.

ஆகவே கேட்க வேண்டியது, ஒன்று ஏன் பிழைத்தது என்பது. வன்தட்டின் உடலமைப்பை அறிந்தால் விடை தெளிவாகும்.

ஐபிஎம் நிறுவனம் 1956-இல் ராமாக் கணினியோடு வெளியிட்ட முதல் வன்தட்டில் 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துருக்கள். படிக்கும் முனை, அழுத்தப்பட்ட காற்றின் உதவியால் தட்டின் பரப்பிலிருந்து ஏறத்தாழ 20 மைக்ரான் உயரத்தில் நின்றது. ஒரு சதுர அங்குலத்தில் 2,000 பிட்டுகள் எழுதப்பட்டன. இன்று அதே சதுர அங்குலத்தில் ஒரு லட்சம் கோடி பிட்டுகளுக்கு மேல் எழுதுகிறார்கள். முனையோ பரப்பிலிருந்து ஒரு சில நானோமீட்டர் தொலைவில் பறக்கிறது. வன்தட்டின் வரலாறு முழுவதையும் இந்த இடைவெளி குறுகிய வரலாறாகவே எழுதிவிடலாம். 1973-இல் ஐபிஎம் 3340 வந்தபோது முனையையும் தட்டையும் ஒரே உறைக்குள் மூடியது இதனால்தான். இடைவெளி குறுகக் குறுக ஒரு தூசியும் பாறாங்கல்லாகிறது. உறையைத் தூசியற்ற அறைக்கு வெளியே திறக்கக் கூடாது என்னும் விதி அங்கிருந்து தொடங்குகிறது.

நண்பரின் தட்டு எழுப்பிய ஒலிக்கும் விளக்கம் இங்கேயே உண்டு. தட்டின் மேல், தரவோடு தரவாக, முனைக்கு வழிகாட்டும் குறிகளும் எழுதப்பட்டிருக்கும். அவற்றைப் படிக்க முடியாத முனை தன் தொடக்க இடத்துக்குத் திரும்பி மறுபடியும் முயலும். திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு 'டிக்'. பெரும்பாலும் முனை பழுதாகிவிட்டது என்பதன் அடையாளம் அது. அந்த நிலையில் தட்டைச் சுழலவிடுவது, முறிந்த ஊசியால் இசைத்தட்டை மீண்டும் மீண்டும் கீறுவதற்கு ஒப்பானது.

கொலம்பியாவின் தட்டு எரியும் கலத்திலிருந்து விழுந்தும் பிழைத்ததற்கு முதற்காரணம், பிளாஸ்டிக் உருகும் வெப்பமும் காந்தத்தன்மை அழியும் வெப்பமும் ஒன்றல்ல என்பது. ஒவ்வொரு காந்தப்பொருளுக்கும் தன் காந்தத்தை இழக்கும் வெப்பநிலை ஒன்றுண்டு. 1895-இல் அதை ஆராய்ந்த பியர் கியூரியின் பெயரால் அது வழங்குகிறது. பிளாஸ்டிக்கும் சில்லுகளும் அதற்கு வெகு முன்னரே கெட்டுவிடும். எனவே வெளித்தோற்றத்தில் கரிக்கட்டியாக இருப்பது உள்ளே எழுத்தை வைத்திருக்கலாம்.

இரண்டாவது காரணம் அதன் முதுமை. 2003-இலேயே அது எட்டாண்டுப் பழையது. ஓர் எழுத்து பிடித்திருந்த இடம் இன்றைய அளவில் விசாலமானது. நண்பரின் ஒரு டெராபைட் தட்டு, ஏறத்தாழ அதே இரண்டரை அங்குல வடிவத்துக்குள் 2,500 மடங்கு அதிகத்தைச் சுமக்கிறது. அங்கே பத்து வரிகளைக் கெடுத்த கீறல் இங்கே ஒரு முழு நேர்காணலைக் கெடுக்கும்.

மூன்றாவதைச் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சாதனத்தின் கணினி டாஸ் இயங்குதளத்தில் ஓடியது. ஒரே வேலையை மட்டும் செய்த கணினி; அளந்ததை எழுதியது, அடுத்ததை அதன் பக்கத்திலேயே எழுதியது. தற்காலிகக் கோப்புகள், பின்னணி நிரல்கள், தானியங்கிப் புதுப்பிப்புகள் என்று தட்டெங்கும் இறைத்துவைக்கும் பழக்கம் அதற்கில்லை. தட்டில் பாதியளவே நிரம்பியும் இருந்தது. மண் புகுந்து பரப்பைக் கெடுத்த இடம், தற்செயலாக, எதுவும் எழுதப்படாத பாதியில் அமைந்தது.

பொறியாளரின் திறமையைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. தெரியாத கைகளில் அகப்பட்டிருந்தால் முதல் சுழற்சியிலேயே எல்லாம் போயிருக்கும். ஆனால் அவர் கைக்கு அது வருவதற்கு முன்பே பெரும்பகுதி தீர்மானிக்கப்பட்டிருந்தது. மீட்பின் வரலாறு, விபத்துக்கு முன் எவ்வாறு எழுதினார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறது.

இதே விபத்தில் இன்னும் இரண்டு எழுத்துச் சான்றுகள் பிழைத்தன. 2003 மார்ச் 19 அன்று டெக்சாஸின் ஹெம்ப்ஹில் அருகே, கலத்தின் உணரிகள் அனுப்பிய அளவுகளைப் பதிந்த காந்த நாடாக் கருவி ஒன்று கிடைத்தது. இடது இறக்கைக்குள் வெப்பம் எப்போது, எங்கே புகுந்தது என்பதை விசாரணைக் குழு நிறுவியதில் அதன் பங்கு பெரிது. அக்கருவி மற்ற விண்ணோடங்களில் இல்லை. முதன்முதலில் பறந்த கலம் கொலம்பியா. சோதனைப் பயணங்களுக்காகப் பொருத்தியதைக் கழற்றாமல் விட்டிருந்தார்கள். மற்றொன்று காகிதம். இஸ்ரேலிய விண்வெளி வீரர் இலான் ரமோனின் நாட்குறிப்பிலிருந்து 37 பக்கங்கள் வானிலிருந்து விழுந்து, மழையிலும் வெயிலிலும் இரண்டு மாதங்கள் கிடந்த பின் கிடைத்தன. மங்கிய எழுத்துகளை வல்லுநர்கள் படித்தெடுத்தனர். 2008-இல் சில பக்கங்கள் ஜெருசலேமில் காட்சிக்கு வைக்கப்பட்டன. காகிதத்தைப் படிக்க மூன்றாவது கருவி எதுவும் தேவைப்படவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். வன்தட்டைப் படிக்க முனையும், சுழற்றியும், சுற்றுப்பலகையும், கோப்பமைப்பின் இலக்கணமும் வேண்டும். அவ்வளவும் கூடிய பிறகு கிடைப்பது எண்களின் வரிசை. அந்த எண்கள் நிக்கல் வலையின் அசைவைக் குறிப்பவை என்று சொல்ல ஆள் வேண்டும்.

சிவிஎக்ஸ்-2 விஷயத்தில் ஆள் இருந்தார்கள். இதே சோதனையின் முதல் வடிவத்தை 1997 ஆகஸ்டில் டிஸ்கவரி கலத்தில் அனுப்பியவர்களுக்கு, எந்த எண் எந்த உணரியிலிருந்து வந்தது என்பது மனப்பாடம். இந்த வசதி எப்போதும் வாய்ப்பதில்லை. 1966, 1967 ஆண்டுகளில் நிலவைப் படமெடுத்த லூனார் ஆர்பிட்டர் கலங்களின் மூல நாடாக்கள் 1,500 வரை அழியாமல் இருந்தன. அவற்றைப் படிக்கும் ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 கருவிகளோ உலகில் அருகிவிட்டன. நாசாவின் ஆவணக்காப்பாளராக இருந்த நான்சி எவன்ஸ் நாடாக்களை அழிக்கவிடாமல் தடுத்ததோடு, அக்கருவிகளைத் தம் வீட்டுக் கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் வைத்துக் காத்தார். டென்னிஸ் விங்கோவும் கீத் கவுவிங்கும் கலிபோர்னியாவில் கைவிடப்பட்ட ஒரு மெக்டொனால்ட்ஸ் உணவகக் கட்டடத்தில் அவற்றைப் பழுதுநீக்கி, நிலவின் விளிம்பில் புவி எழும் படத்தை 2008 நவம்பரில் மூலத் தெளிவோடு வெளியிட்டனர். ஒரு தனிமனிதரின் கொட்டகை இல்லையேல் நாடாக்கள் வெறும் பழுப்புச் சுருள்கள்.

இனி நேரு பிளேஸுக்குத் திரும்புகிறேன். கடைக்காரரின் ஒப்புமை எங்கே பிழைக்கிறது என்பது இப்போது விளங்கும். கொலம்பியாவின் தட்டைக் கண்டெடுத்தவர்கள் யாரும் அதைக் கணினியில் செருகிப் பார்க்கவில்லை. செருகும் நிலையில் அது இல்லை என்பதே அதன் நல்லூழ். நண்பரோ கடைக்கு வருமுன் ஏழெட்டு முறை செருகிப் பார்த்திருக்கிறார். யாரோ சொன்னதைக் கேட்டு ஓர் இரவு குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் வைத்திருக்கிறார். வெளியே எடுத்ததும் தட்டின்மேல் ஈரம் படியும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பழைய இயக்கிகளில் சுற்றுப்பலகையை மட்டும் மாற்றிப் பிழைக்கவைக்கலாம். இன்றையவற்றில் ஒவ்வொரு தட்டுக்குமான தனித்த சரிக்கட்டல் அளவுகள் அதன் பலகையிலுள்ள சில்லில் எழுதப்பட்டிருப்பதால் ஒன்றின் பலகை இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தாது. சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி வகையில் தரவு சில்லுகளெங்கும் சிதறியே எழுதப்படுகிறது. நீக்கிய கோப்பின் இடத்தை இயங்குதளம் தானே துடைத்தும் விடுகிறது.

தட்டு இன்னும் சுழன்று, முனையும் தட்டுத்தடுமாறிப் படித்துக்கொண்டிருந்தால் செய்யத்தக்கது ஒன்றே. அதிலிருந்து கோப்புகளைத் திறக்காமல், முழுத்தட்டையும் பகுதி பகுதியாக வேறொரு தட்டுக்குப் படியெடுப்பது. 'டிடிரெஸ்கியூ' என்னும் கட்டற்ற மென்பொருளின் நெறி எனக்கு மிகவும் பிடித்தமானது. நலமான பகுதிகளை முதலில் விரைந்து எடுத்துவிடும். பழுதான இடம் வந்தால் பிடிவாதம் பிடிக்காமல் தாண்டிச் செல்லும். தாண்டியவற்றின் கணக்கை ஒரு கோப்பில் எழுதி வைத்து, கடைசியில் அவற்றிடம் திரும்பும். நாம் வழக்கமாகச் செய்வது இதற்கு நேரெதிர்: எது திறக்கவில்லையோ அதையே விடாமல் அழுத்துகிறோம். நண்பரின் தட்டு அந்த நிலையைக் கடந்துவிட்டிருந்தது. கடைக்காரர், நியாயமாகச் சொல்ல வேண்டும், தாம் திறக்காமல் தூசியற்ற அறை உள்ள ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பிவைத்தார். முனை மாற்றப்பட்டது. செலவு நண்பரின் இரண்டு மாத உதவித்தொகை.

61-இல் 49 நேர்காணல்கள் திரும்பி வந்தன. கோப்புகளின் பெயரும் நாளும் இருந்த அட்டவணை கெட்ட பகுதியில் போய்விட்டதால், வந்தவை யாவும் வெறும் வரிசை எண்களைத் தாங்கி வந்தன. யார் பேசியது, எந்தச் சுரங்கம், எந்த ஆண்டு என்பது எதிலும் இல்லை. பேசியவர்களில் சிலர் இப்போது உயிரோடில்லை. நல்லவேளையாக அவர் பேனாவால் எழுதிய களக்குறிப்பேடுகள் நான்கும் அலமாரியில் இருந்தன. மூன்று வாரங்களாகக் காதில் ஒலிவாங்கியும் மடியில் குறிப்பேடுமாக அமர்ந்திருக்கிறார். பின்னணியில் ஊதும் சங்கின் நேரத்தைக் கொண்டு சுரங்கத்தையும், பேச்சில் கலந்த கோர்ட்டா, மகஹி சொற்களைக் கொண்டு ஆளின் ஊரையும் பிடிக்கிறார். இதுவரை 36 கோப்புகளுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. எஞ்சிய 13 குரல்களில் இரண்டு ஒரே ஆளுடையவை என்று நேற்றிரவு கண்டுபிடித்ததாகத் தொலைபேசியில் சொன்னார்.